அளபுரு வீச்சுப் பணி நீட்சி

அளபுரு வீச்சுப் பணி நீட்சி என்பது, ஒரே நிரலை வெவ்வேறு உள்ளீட்டு மதிப்புகளுடன் பலமுறை இயக்கும் கணிப்பணிகளை ஒரே ஆவணத்தில் விவரிப்பதற்கான எக்ஸ்எம்எல் ஸ்கீமா நீட்சி ஆகும். இது பணி சமர்ப்பிப்பு விவரிப்பு மொழியின் (ஜேஎஸ்டிஎல்) ஒரு பகுதியாக ஓப்பன் கிரிட் ஃபோரம் அமைப்பால் 2009 ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. மூல மொழியின் 1.0 பதிப்பு 2005 நவம்பரில் வெளிவந்தது. அப்பதிப்பில் ஓர் ஆவணம் ஒரு பணியை மட்டுமே விவரிக்க இயலும்.

தேவை

தென்காசி மாவட்டத்திலுள்ள குற்றாலத்தில், மலைமேல் பெய்யும் மழை குறுகிய நேரத்தில் அருவிகளை வந்தடைகிறது. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் ஏற்பட்ட திடீர் வெள்ளத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். இத்தகைய நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு வெள்ள மாதிரி ஒன்றை இயக்குவதாகக் கொள்வோம். மழைச் செறிவுக்கு 5 மதிப்புகள், மண்ணின் ஈரப்பதத்துக்கு 5, நிலப்பரப்பின் சொரசொரப்புக்கு 4 எனில், மொத்தம் 100 இயக்கங்கள் தேவைப்படும். ஒவ்வொன்றும் தனித்தியங்குவதால் கொத்துக்கணினியில் அனைத்தையும் ஒரே நேரத்தில் ஓட்டலாம். ஆனால் 100 ஆவணங்களைக் கையால் எழுதுவது பிழைக்கு இடமளிக்கும்.

வடிவமைப்பு

முந்தைய கருவிகளில் சில, ஆவணத்தினுள் மாறிப் பெயர்களை இட்டுப் பின்னர் மதிப்புகளால் நிரப்பின. எக்ஸ்எம்எல்லில் இம்முறை சிக்கலானது. எண் இருக்க வேண்டிய உறுப்பில் மாறிப் பெயரை இட்டால் ஸ்கீமா சரிபார்ப்பில் ஆவணம் தோல்வியுறும். எனவே இந்நீட்சியில் மூலப் பணி விவரிப்பு மாற்றமின்றி, தன்னளவில் செல்லத்தக்கதாகவே இருக்கும். 'சுவீப்' என்னும் உறுப்பு அதனருகே தனிப் பெயர்வெளியில் வைக்கப்படுகிறது. அதனுள் உள்ள 'அசைன்மென்ட்' உறுப்பு, எக்ஸ்பாத் கோவை மூலம் மாற்ற வேண்டிய இடத்தைச் சுட்டி, அங்கு இடவேண்டிய மதிப்புகளைத் தருகிறது. மதிப்புகளைப் பட்டியலாகவோ, தொடக்கம், முடிவு, படி ஆகியவற்றைக் கொண்ட சுழற்சியாகவோ தரலாம். மதிப்புகளைத் தரும் சார்பு ஓர் அருவ உறுப்பாக வரையறுக்கப்பட்டிருப்பதால், புதிய வகைச் சார்புகளை வேறொரு பெயர்வெளியில் பிறரும் சேர்க்க முடியும்.

எக்ஸ்பாத் முறையிலும் ஒரு குறை உண்டு. நிரலின் மூன்றாவது உள்ளீடு என்று வரிசை எண்ணால் சுட்டிவிட்டு, பின்னர் முன்னால் புதிய உள்ளீடு ஒன்றைச் சேர்த்தால், சுட்டு வேறிடத்துக்கு நகர்ந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராமலும் போகலாம்.

இணைத்தலும் உள்ளமைத்தலும்

இந்நீட்சியில் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டிய பகுதி இதுவே. ஒரே 'சுவீப்' உறுப்பினுள் இரண்டு 'அசைன்மென்ட்' உறுப்புகள் இருந்தால், அவற்றின் மதிப்புகள் கைகோத்து ஒன்றாக நகரும். ஒரு 'சுவீப்' மற்றொன்றினுள் அமைந்தால், வெளி மதிப்பு ஒவ்வொன்றுக்கும் உள் மதிப்புகள் அனைத்தும் இயக்கப்படும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் மழையையும் ஈரப்பதத்தையும் உள்ளமைத்தால் 25 சேர்க்கைகள் கிடைக்கும். கைகோத்து நகர்த்தினால் 5 மட்டுமே. மதிப்புகள் ஏறுவரிசையில் இருப்பின், அந்த ஐந்தில் சிறுமழை உலர்ந்த மண்ணிலும் பெருமழை ஈரமண்ணிலும் மட்டுமே பெய்யும். கோடையில் வறண்ட சரிவில் திடீரெனக் கொட்டும் பெருமழை கணக்கில் வராது. ஸ்கீமா இதைத் தவறெனக் காட்டாது. இரண்டு ஆவணங்களும் செல்லத்தக்கவையே.

கைகோத்து நகர்தல் தேவைப்படும் இடமும் உண்டு. வெளியீட்டுக் கோப்புகள் அனைத்தும் ஒரே இடத்துக்கு அனுப்பப்படும்போது பெயர் மாறாவிடில், ஒன்றன்மேல் ஒன்று எழுதப்பட்டு இறுதி முடிவு மட்டுமே எஞ்சும். ஆகவே உள்ளீட்டு மதிப்புடன் கோப்பின் பெயரும் சேர்ந்து மாற வேண்டும்.

தொடர்புடைய முயற்சிகள்

ஆஸ்திரேலியாவில் உருவான நிம்ராடு, இத்துறையின் முன்னோடிக் கருவிகளுள் ஒன்று. அதன் கிரிட் வடிவமான நிம்ராடு-ஜி ஆக்கத்தில் இந்தியரான ராஜ்குமார் புய்யா பங்காற்றினார். பின்னர் மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தில் அவரது குழு உருவாக்கிய கிரிட்பஸ் இடைத்தரகு மென்பொருள், அளபுரு வீச்சுகளை விவரிக்க எக்ஸ்பிஎம்எல் என்னும் தனி எக்ஸ்எம்எல் மொழியைக் கையாண்டது. ஜேஎஸ்டிஎல் நீட்சியை ஐரோப்பாவின் யூனிக்கோர் மென்பொருள் ஏற்றுக்கொண்டது. கிரிட் கணிமை பின்னர் முன்னிலை இழந்ததால் இந்நீட்சி பரவலாகவில்லை. இன்று கொத்துக்கணினிகளில் பெரும்பாலும் ஸ்லர்ம் போன்ற பணி மேலாளர்களின் பணி அணி வசதியே பயன்படுகிறது. அது ஒவ்வொரு பணிக்கும் ஒரு வரிசை எண்ணை மட்டுமே தரும். அந்த எண்ணை மழைச் செறிவாகவும் ஈரப்பதமாகவும் மாற்றும் பொறுப்பு பயனரின் நிரலைச் சேர்ந்தது.