போகிமான் கார்டு: பலமான கார்டு இருந்தும் தோற்பது ஏன்? 60 கார்டு ‘டெக்’கை மெருகேற்றுவது எப்படி?

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி என டெல்டா ஊர்களில் முப்பது வயதைத் தாண்டியவர்களைக் கேட்டால், கார்டு விளையாட்டு என்றதும் டபிள்யூடபிள்யூஇ ட்ரம்ப் கார்டைத்தான் சொல்வார்கள். உயரம், எடை, ரேங்க் எனச் சொல்லிச் சொல்லி எதிராளியின் கார்டைப் பிடுங்க வேண்டும். கையில் கட்டு பெருசானால் ஜெயிச்சாச்சு!

இன்று அவர்களின் பிள்ளைகள் கேட்பது போகிமான் கார்டு. பார்க்க அதே மாதிரி இருந்தாலும் இதன் கணக்கு நேர் எதிர். இங்கே எத்தனை கார்டு சேர்த்தாலும் ஆட்டத்துக்குக் கொண்டு போக முடிவது 60 மட்டும். எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை எடுத்துப் போடுவது என்பதுதான் வெற்றியைத் தீர்மானிக்கிறது. அது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

டிரேடிங் கார்டு கேம் என்றால் என்ன?

ரம்மியில் எல்லோருக்கும் ஒரே சீட்டுக்கட்டு. டிரேடிங் கார்டு கேமில் அவரவர் கட்டை அவரவரே தயாரித்துக் கொண்டு வர வேண்டும். அந்தக் கட்டுக்குப் பெயர்தான் ‘டெக்’. 1993-ல் அமெரிக்காவின் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய ‘மேஜிக்: தி கேதரிங்’ இந்த வகைக்கு வழி போட்டது. 1996-ல் ஜப்பானில் போகிமான் கார்டு கேம் வந்தது.

போகிமானில் விதி கறாரானது. டெக்கில் சரியாக 60 கார்டு. ஒரே பெயருள்ள கார்டு அதிகபட்சம் 4. பேசிக் எனர்ஜி கார்டுக்கு மட்டும் இந்த வரம்பு கிடையாது. ஆட்டம் தொடங்கும்போது கையில் 7 கார்டு வரும். இன்னொரு 6 கார்டு ‘பரிசு கார்டு’களாகக் கவிழ்த்து வைக்கப்படும். எதிராளியின் போகிமானை வீழ்த்தும்போது அவற்றை எடுத்துக்கொண்டே வரலாம். கடைசிப் பரிசு கார்டை முதலில் எடுப்பவருக்கு வெற்றி.

பலமான கார்டு இருந்தும் தோற்பது ஏன்?

புதிதாக ஆடுபவர்கள் பெரும்பாலும் செய்யும் தப்பு இதுதான்: கையில் இருக்கிற பெரிய போகிமான் எல்லாவற்றையும் டெக்கில் திணிப்பது. ‘சாரிசார்ட் இஎக்ஸ்’ கார்டையே எடுத்துக்கொள்வோம். 330 உயிர்ப்புள்ளி கொண்ட பலசாலி. ஆனால் அதை நேரடியாக இறக்க முடியாது. முதலில் சார்மாண்டர், அதன் மேல் சார்மீலியன், அதற்கப்புறம்தான் சாரிசார்ட். ‘ரேர் கேண்டி’ கார்டு இருந்தால் நடுப்படியைத் தாண்டலாம். அவ்வளவுதான். சார்மாண்டர் வராவிட்டால் கையில் நாலு சாரிசார்ட் இருந்தாலும் அது வெறும் பாரம்.

முதல் 7 கார்டில் ஒரு பேசிக் போகிமான்கூட இல்லையென்றால், கையைக் காட்டிவிட்டு மறுபடி கலைக்க வேண்டும். அப்படிக் கலைக்கும் ஒவ்வொரு முறையும் எதிராளி கூடுதலாக ஒரு கார்டு எடுத்துக்கொள்ளலாம். இது எத்தனை முறை நடக்கும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம்.

டெக்கில் பேசிக் போகிமான் 8 இருந்தால், 100-க்கு சுமார் 35 முறை முதல் கை வீணாகும். 10 இருந்தால் 26 முறை. 12 இருந்தால் 19 முறை. எட்டை பன்னிரண்டாக்கினாலே வீணாகும் கை கிட்டத்தட்ட பாதியாகக் குறைகிறது. இதற்கு விலை உயர்ந்த கார்டு எதுவும் தேவையில்லை.

ஒரு கார்டில் எத்தனை காப்பி வைக்கலாம்?

டெக்கை மெருகேற்றுவதில் பாதி வேலை இந்தக் கேள்விதான். ஒரு குறிப்பிட்ட கார்டு முதல் 7 கார்டுக்குள் வரும் வாய்ப்பு இப்படி:

- 1 காப்பி: சுமார் 12 சதவீதம்
- 2 காப்பி: சுமார் 22 சதவீதம்
- 3 காப்பி: சுமார் 32 சதவீதம்
- 4 காப்பி: சுமார் 40 சதவீதம்

நாலு வைத்தாலும் பாதி ஆட்டங்களில்கூட அது ஆரம்பத்திலேயே வராது! அதனால் முதல் சுற்றிலேயே தேவைப்படும் கார்டுக்கு 4 காப்பி. நடு ஆட்டத்தில் ஒருமுறை தேவைப்படுவதற்கு 2. தேடி எடுக்க வழி இருந்தால் 1 போதும்.

ஆனால் ஒற்றைக் காப்பியில் ஒரு ஆபத்து உண்டு. 60-ல் 6 கார்டு பரிசாகக் கவிழ்ந்து கிடப்பதால், அந்த ஒரே கார்டு அங்கே போய் மாட்டிக்கொள்ள 10 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அதாவது பத்து ஆட்டத்துக்கு ஒன்று. இரண்டு காப்பி வைத்தால், இரண்டுமே பரிசில் மாட்டும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். அந்தக் கார்டு இல்லாமல் ஜெயிக்கவே முடியாது என்றால், இரண்டாவது காப்பி கட்டாயம்.

எந்தக் கார்டை எடுப்பது?

பல போட்டி டெக்குகளைப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். பாதிக்கு மேல் இருப்பது போகிமானும் இல்லை, எனர்ஜியும் இல்லை. ‘ட்ரெய்னர்’ கார்டுகள்தான். கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் புதிதாக 7 கார்டு எடுக்க ‘புரொபசர்ஸ் ரிசர்ச்’, இரண்டு கார்டைக் கழித்து வேண்டிய போகிமானைத் தேடி எடுக்க ‘அல்ட்ரா பால்’ போன்றவை. இவை எதிராளியை அடிக்காது. ஆனால் அடிக்கிற கார்டைக் கைக்குக் கொண்டு வந்து சேர்ப்பது இவைதான்.

வயலில் இறங்கி நடுகிறவர்கள் இருந்தால் மட்டும் போதுமா? நாற்றுக் கட்டை வரப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கவும் ஆள் வேண்டும் அல்லவா? அது மாதிரிதான்.

எதை எடுப்பது என்று தெரிய ஒரு நோட்டு போதும். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் இரண்டே விஷயத்தைக் குறித்து வையுங்கள். ஒன்று, கடைசி வரை கையில் சும்மாவே இருந்த கார்டு எது? இரண்டு, ‘இது மட்டும் வந்திருந்தால்!’ என்று ஏங்க வைத்த கார்டு எது? முதல் பட்டியலில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அதில் ஒன்றை எடுங்கள். இரண்டாவது பட்டியலில் அடிக்கடி வருவதில் ஒன்றைச் சேருங்கள். ‘ஆசையாக வாங்கின கார்டாச்சே’ என்பது டெக்கில் இடம் கொடுக்கக் காரணம் ஆகாது.

ஆடுதுறை சொல்லித் தரும் பாடம்

தஞ்சை மாவட்டம் ஆடுதுறையில் 1922-ல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டெல்டா விவசாயிகள் சொல்லும் ஏடிடி 43 போன்ற ரகங்களில் வரும் ‘ஏடிடி’ அந்த ஊர்ப் பெயரின் சுருக்கம்தான். புது ரகத்தை எப்படிச் சோதிக்கிறார்கள்? ஏற்கெனவே தெரிந்த ரகத்தைப் பக்கத்திலேயே நட்டு, இரண்டுக்கும் ஒரே மாதிரி தண்ணீர், ஒரே மாதிரி உரம் கொடுத்து, பல பாத்திகளில் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். ரகம், உரம், தண்ணீர் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் விளைச்சல் கூடியது என்று யாருக்கும் தெரியாது.

டெக்குக்கும் அதே விதிதான். ஒரு தோல்வி வந்ததும் பத்து கார்டை மாற்றக் கூடாது. ஒரு தடவைக்கு ஒன்று அல்லது இரண்டு கார்டு மட்டும் மாற்றுங்கள். பழைய பட்டியலை எழுதி வையுங்கள். புதுசு சரிவரவில்லை என்றால் திரும்பிப் போக வழி இருக்கும்.

பத்து ஆட்டத்தில் ஆறு ஜெயித்தால் டெக் நல்லது என்று முடிவு செய்யலாமா? அவசரம் வேண்டாம். நாணயத்தைப் பத்து முறை சுண்டினாலே, ஆறு அல்லது அதற்கு மேல் தலை விழ 100-க்கு சுமார் 38 வாய்ப்பு இருக்கிறது. அதிர்ஷ்டம் எது, டெக்கின் பலம் எது என்று பிரிய இன்னும் பல ஆட்டங்கள் வேண்டும்.

கூட ஆட ஆள் இல்லையா? பரவாயில்லை. தனியாக உட்கார்ந்து 20 முறை கலைத்து, 7 கார்டு எடுத்து, முதல் இரண்டு சுற்றை மட்டும் ஆடிப் பாருங்கள். இரண்டாவது சுற்றில் எத்தனை முறை தாக்க முடிந்தது என்று எண்ணுங்கள். கார்டை மாற்றிய பிறகு அந்த எண் ஏறுகிறதா, இறங்குகிறதா? டெக்கே பதில் சொல்லிவிடும்.

எதிராளியைப் பார்த்து டெக்கை மாற்றணுமா?

ஆமாம். மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்தால் குறுவைக்குக் குறுகிய கால ரகம். தண்ணீர் தாமதமானால் குறுவையை விட்டுவிட்டு நீண்ட கால சம்பா. ‘எப்போதும் சிறந்த விதை’ என்று ஒன்று கிடையாது. டெக்கும் அப்படித்தான். சுற்றியிருப்பவர்கள் அதிகம் ஆடும் டெக்குகளை வைத்து உங்கள் டெக்கின் கடைசி நாலைந்து கார்டை முடிவு செய்ய வேண்டும்.

இதற்கு நல்ல உதாரணம் 2024-ல் ஹோனலூலுவில் நடந்த உலக சாம்பியன்ஷிப். மாஸ்டர்ஸ் பிரிவில் ஜெயித்த சிலி நாட்டின் பெர்னாண்டோ சிஃபுவெண்டஸின் டெக்கில் மையமாக இருந்தது ‘அயர்ன் தார்ன்ஸ் இஎக்ஸ்’. அது முன்னால் நிற்கும் வரை, ‘ஃபியூச்சர்’ வகையைத் தவிர ‘ரூல் பாக்ஸ்’ உள்ள போகிமான்களின் எபிலிட்டி எதுவும் வேலை செய்யாது. மற்றவர்கள் எதை நம்பி வருவார்கள் என்று யோசித்து, அதையே அடைக்கும் டெக் அது.

செலவைக் குறைக்க என்ன வழி?

இது ஆன்லைன் ரம்மி மாதிரி பணம் கட்டி ஆடும் ஆட்டம் இல்லை. ஆனால் மூடிய பாக்கெட்டுக்குள் எந்தக் கார்டு இருக்கும் என்று தெரியாமல் வாங்குவதில் அதிர்ஷ்டம் கலந்திருக்கிறது. பெற்றோரின் பணம் கரைவது இங்கேதான். கவனிக்க வேண்டியவை:

- முதலில் பட்டியல், பிறகு கார்டு. தேவையான கார்டின் பெயரைத் துண்டுக் காகிதத்தில் எழுதி, உறைக்குள் வேறு கார்டோடு வைத்து வீட்டில் ஆடிப் பாருங்கள். அதிகாரப்பூர்வ போட்டியில் இது செல்லாது. பயிற்சிக்குத் தாராளமாகப் போதும்.
- சோதித்துப் பார்த்துத் தேவை என்று தெரிந்தால், பாக்கெட்டாக இல்லாமல் அந்த ஒரு கார்டை மட்டும் தனியாக விற்பவரிடமோ நண்பரிடமோ வாங்கலாம், மாற்றிக்கொள்ளலாம்.
- தங்க நிறத்தில் பளபளக்கும் பிளாஸ்டிக் கார்டு கட்டுகள் பெரும்பாலும் போலி. போட்டியில் ஏற்க மாட்டார்கள்.
- கார்டின் கீழ்ப்பகுதியில் இருக்கும் சிறிய ஆங்கில எழுத்தைப் பாருங்கள். ‘ஸ்டாண்டர்ட்’ போட்டிகளில் எந்தெந்த எழுத்துக் கார்டு செல்லும் என்பது அவ்வப்போது மாறும். பழைய எழுத்துள்ள கார்டை நிறைய விலை கொடுத்து வாங்கிவிட்டு ஏமாற வேண்டாம்.
- செல்போனில் ஆடும் ‘போகிமான் டிசிஜி பாக்கெட்’ வேறு கணக்கு. அதில் டெக் 20 கார்டு, ஒரே பெயரில் 2 காப்பி மட்டும். மேலே சொன்ன சதவீதங்கள் அதற்குப் பொருந்தாது.

மொத்தத்தில், அடுத்த முறை ‘இன்னும் ஒரு பாக்கெட்’ என்று பிள்ளைகள் கேட்டால், ‘எந்தக் கார்டை எடுத்துட்டு எதை வைக்கப் போறே?’ என்று கேட்டுப் பாருங்கள். நோட்டைப் பார்த்துப் பதில் வந்தால் அந்த ஒரு கார்டை வாங்கித் தரலாம். பதில் வராவிட்டால் இன்னும் இருபது முறை கலைத்துப் பார்க்கட்டும். அதற்குச் செலவே கிடையாது.