சுவருக்குள் மறைந்த விரிசல்: உணரிகள் தரும் எச்சரிக்கையும் உரிமையாளரின் பொறுப்பும்

மண்பானை வாங்குபவர் அதை விரலால் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார். கணீரென்று ஒலித்தால் நல்ல பானை. அடைத்த ஒலி வந்தால், கண்ணுக்குத் தெரியாத கீறல் எங்கோ இருக்கிறது. கட்டடம், பாலம், விமானம் போன்றவற்றின் உள்ளே ஏற்படும் சேதத்தைக் கண்டறியும் இன்றைய முறையின் அடிப்படையும் இதுவே. விரலுக்குப் பதிலாக உணரி (சென்சார்) தட்டுகிறது. காதுக்குப் பதிலாகக் கணினி கேட்கிறது.

உணரி எப்படித் தட்டுகிறது?

1880-ஆம் ஆண்டு பியர் கியூரி, ஜாக் கியூரி என்ற சகோதரர்கள், சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்சாரம் உண்டாவதைக் கண்டறிந்தனர். அதே படிகத்திற்கு மின்சாரம் கொடுத்தால் அது மிக நுண்ணிய அளவில் சுருங்கி விரியும் என்பதும் அடுத்த ஆண்டே உறுதியானது. எனவே இத்தகைய பொருளால் செய்த ஒரு சிறிய வில்லை அதிர்வை அனுப்பவும் செய்யும், வாங்கவும் செய்யும்.

சில உணரிகள் சும்மா இருந்து கவனிக்க மட்டுமே செய்யும். அவை செயலற்ற உணரிகள். தானே அதிர்வை அனுப்பி, அது திரும்பி வரும் விதத்தைப் பார்ப்பவை செயல்படும் உணரிகள். விமானத்தின் உடல் போன்ற மெல்லிய தகட்டில் இந்த அதிர்வு நெடுந்தூரம் ஓடக்கூடியது. 1917-இல் ஹொரேஸ் லாம்ப் என்ற அறிஞர் இதன் கணக்கை வகுத்ததால் இதற்கு 'லாம்ப் அலை' என்று பெயர்.

கணினி எதைக் கேட்கிறது?

தகடு நல்ல நிலையில் இருக்கும்போதே ஒருமுறை அதிர்வை அனுப்பி, வந்த சமிக்ஞையைப் பதிந்து வைத்துக்கொள்வார்கள். பிறகு வரும் சமிக்ஞைகளை அதனுடன் ஒப்பிடுவார்கள். விரிசல் இருந்தால் அலையின் ஒரு பகுதி அதில் மோதித் திரும்பும். மறுபக்கம் சேரும் அலை வலுவிழக்கும் அல்லது தாமதமாகும். அந்தத் தாமதத்தைக் கொண்டு விரிசல் இருக்கும் இடத்தையும் கணக்கிடலாம். ஆனால் வெயில் ஏறினாலும் அலையின் வேகம் மாறும். ஆகவே பல வெப்பநிலைகளில் எடுத்த பதிவுகள் இல்லாவிட்டால், வெயிலின் மாற்றத்தையே விரிசல் என்று கருவி தவறாகச் சொல்லிவிடும்.

கான்கிரீட்டிலும் இதைப்போன்ற சோதனை உண்டு. தூணின் ஒரு பக்கம் மீயொலி அலையை அனுப்பி, மறுபக்கம் வந்து சேரும் நேரத்தை அளப்பார்கள். 1992-இல் வந்த இந்தியத் தர விதி, வேகம் விநாடிக்கு 4.5 கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் மிகச் சிறந்த கான்கிரீட் என்று வகுத்திருந்தது. 3 கிலோமீட்டருக்குக் கீழே இருந்தால் சந்தேகத்திற்குரியது என்று அந்த விதி சொன்னது. 30 சென்டிமீட்டர் தூணை முதல் வேகத்தில் கடக்க சுமார் 67 மைக்ரோ விநாடி ஆகும். இரண்டாவது வேகத்தில் 100 மைக்ரோ விநாடி. விநாடியின் பத்து லட்சத்தில் 33 பங்கு என்ற இந்த வித்தியாசமே, உள்ளே வெற்றிடமோ விரிசலோ இருக்கலாம் என்று சொல்லிவிடுகிறது.

கண்டவர் சொல்லவில்லை

1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 விமானம் 24,000 அடி உயரத்தில் பறந்தபோது, அதன் கூரையில் சுமார் 18 அடி நீளம் பிய்த்துக்கொண்டு போனது. விமானப் பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். மற்ற 94 பேருடன் விமானம் தரையிறங்கியது. 89,680 முறை பறந்திருந்த அந்த விமானத்தில், தகடுகளை இணைக்கும் ஆணித் துளைகளைச் சுற்றி நுண்விரிசல்கள் வளர்ந்திருந்தன. பராமரிப்புச் சோதனைகள் அவற்றைக் கண்டுபிடிக்கத் தவறிவிட்டன. விமானத்தில் ஏறும்போதே ஒரு பயணி வெளிப்புறத்தில் ஒரு விரிசலைப் பார்த்திருந்தார். யாரிடமும் அவர் சொல்லவில்லை.

ஃபிக்ஹு சொல்லும் பொறுப்பு

கருவி எச்சரிக்க மட்டுமே செய்யும். சரிசெய்ய வேண்டியது மனிதன். இந்த நிலைக்கான சட்டத்தை நம் முன்னோர்களான இமாம்கள் எப்போதோ பேசிவிட்டார்கள். 12-ஆம் நூற்றாண்டில் இமாம் மர்கீனானீ (ரஹ்) எழுதிய ஹனஃபி சட்ட நூலான ஹிதாயாவில், சாய்ந்த சுவர் பற்றித் தனிப் பகுதியே உண்டு. ஒருவரின் சுவர் பொதுப் பாதையை நோக்கிச் சாய்ந்துவிட்டது. அதை இடிக்கும்படி அவரிடம் சொல்லப்பட்டது. இடிக்க அவகாசம் இருந்தும் அவர் இடிக்கவில்லை. பிறகு அது விழுந்து சேதம் ஏற்பட்டால் அவர் பொறுப்பாளி. பாதையில் நடக்கும் எவரும் அந்த எச்சரிக்கையைக் கொடுக்கலாம். ஆனால் இடிக்கும் அதிகாரம் உள்ளவரிடமே சொல்ல வேண்டும். குடியிருக்கும் வாடகைதாரரிடம் சொல்வது போதாது. கட்டும்போதே சாய்வாகக் கட்டியிருந்தால், எச்சரிக்கை இல்லாமலேயே அவர் பொறுப்பாவார்.

அன்று சாய்வைக் கண் பார்த்தது. இன்று உள்விரிசலை உணரி பார்க்கிறது. சோதனை அறிக்கை கையில் கிடைத்த பிறகு, "எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்" என்று அதை அலமாரியில் வைத்துப் பூட்டுவது தவக்குல் ஆகாது.

எனவே, பள்ளிவாசல் மினாராவிலோ மத்ரஸா கூரையிலோ விரிசலைக் கண்டால், முடிவெடுக்கும் முத்தவல்லியிடமும் ஜமாஅத் நிர்வாகிகளிடமும் எழுத்து மூலம் சொல்லுங்கள். துருப்பிடித்த கம்பியால் காரை பெயர்ந்த வீட்டைப் பூசி மறைத்து விற்காதீர்கள். அறிந்த குறையை மறைத்து விற்பது ஹராம். வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் உண்டு. சந்தேகம் இருந்தால் தகுதியுள்ள கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துச் சோதியுங்கள்.

நம் பொறுப்பில் உள்ள கட்டடமும் அதனுள் இருக்கும் உயிர்களும் அமானிதம். அதைப் பேணி நடக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.