தாது வருடப் பஞ்சமும் ஒரு பவுண்டு சோதனையும்

ஒரு பவுண்டு சோதனை என்பது 1877ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்துப் பஞ்ச நிவாரண வேலைகளுக்கு வந்த மக்களுக்கு, ஆங்கில அரசு கூலித் தானியத்தைக் குறைத்துப் பார்த்த நடவடிக்கையாகும். உடலுழைப்பு செய்யும் மனிதன் எவ்வளவு குறைந்த உணவில் தாக்குப்பிடிப்பான் என்பதே அதன் அடிப்படைக் கேள்வி. மனிதர் மீதான அறமற்ற சோதனைகள் என்றதும் நாஜி முகாம்களும் அமெரிக்காவின் டஸ்கிகீயும் நினைவுக்கு வருகின்றன. சேலம், நாமக்கல் சமவெளி அந்த வரிசையில் அரிதாகவே பேசப்படுகிறது.

பஞ்சத்தின் பின்னணி

1876இல் பருவமழை பொய்த்தது. தமிழ் ஆண்டுக் கணக்கில் அது தாது வருடம். ஆகவே மக்கள் வழக்கில் இது தாது வருடப் பஞ்சம் எனப்படுகிறது. அன்றைய சேலம் மாவட்டம் மிகப் பெரியது. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் பகுதிகள் அதில் அடங்கியிருந்தன. காவிரிக் கரையை விட்டால் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. கேழ்வரகும் கம்பும் சோளமுமே உணவு. சேலம் வழியாக ரயில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ஏறிவிட்ட விலைக்குத் தானியம் வாங்கக் கூலிக்காரர் கையில் காசில்லை. அதே காலத்தில் இந்தியாவிலிருந்து கோதுமை ஏற்றுமதியும் நடந்தது.

டெம்பிளின் கணக்கு

வைஸ்ராய் லிட்டன் 1877 ஜனவரியில் சர் ரிச்சர்டு டெம்பிளைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். டெம்பிள் ஈரமற்றவர் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. 1873-74இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசி தருவித்துப் பெருஞ்சாவைத் தடுத்தவர் அவரே. அதற்கு அவருக்குக் கிடைத்தது பாராட்டன்று, பணத்தை வாரி இறைத்தார் என்ற ஏச்சு. சென்னைக்கு வரும்போது சிக்கனக்காரராக வந்தார்.

நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியத்தின் விலையும், மேலே சில்லறைக் காசும் போதும் என்றார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதைவிடக் குறைவு. இதைச் சோதனையாகச் செய்து பார்க்கலாம் என்றே அவர் முன்வைத்தார். மண் வெட்டுவதும் கல் உடைப்பதும் வேலை. வேண்டாம் என்று சொல்லும் உரிமை பெயருக்கு இருந்தது; சொன்னவருக்கு வேறு சோறு இல்லை.

கார்னிஷின் எதிர்ப்பு

மாகாணச் சுகாதார ஆணையரான மருத்துவர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். தென்னிந்திய மக்களின் உணவையும் சிறை உணவையும் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் அவர். குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியம், அத்துடன் பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றார். குற்றம் செய்து சிறையிலிருப்பவனுக்கே இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கிறது என்ற அவரது வாதத்துக்கு மறுப்புச் சொல்வது கடினமாக இருந்தது. இறந்தவர்களின் உடல்களை அறுத்துப் பார்த்த மருத்துவர்கள் தசைகள் கரைந்து குடலின் உட்சவ்வு அழிந்திருந்ததைப் பதிவு செய்தனர். அந்த நிலைக்குப் போன உடலுக்குப் பிறகு கஞ்சித் தொட்டியில் ஊற்றினாலும் பயனில்லை, செரிக்காது.

1877 மார்ச்சில் மாகாண அரசு பாதி வழிக்கு இறங்கி வந்து ஒன்றேகால் பவுண்டு தானியமும் சிறிது பருப்பும் என மாற்றியது. டெம்பிள் அதே ஆண்டில் பம்பாய் ஆளுநரானார்.

ஒரு பவுண்டு அரிசியில் ஏறத்தாழ 1600 கலோரி உண்டு. 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்பவர் பட்டினியின் விளைவை அறிய 36 இளைஞர்களுக்கு 24 வாரம் கொடுத்த உணவும் ஏறக்குறைய இதே அளவுதான். அவர்கள் தாமாக முன்வந்தவர்கள், மருத்துவர் அருகிலிருந்தார், முடிவில் மறுபடி நன்றாக உண்ணக் கொடுத்தார்கள். இருந்தும் எடையில் கால் பங்கை இழந்து, மனமும் சோர்ந்துபோனார்கள். கல் உடைத்தவர்களுக்கோ தொடக்கத்திலேயே உடலில் இழக்க எடை இல்லை.

சேலத்தின் இழப்பு

1871 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்து மக்கள்தொகை சுமார் 19.67 லட்சம். 1881இல் அது சுமார் 16 லட்சம். குறைந்தவர்கள் எல்லாரும் கூலிக் குறைப்பால் மட்டும் இறந்தவர்கள் அல்லர். காலராவும் அம்மையும் கொண்டுபோனவர்கள், பிழைப்புத் தேடி வெளியேறியவர்கள், பிறக்காமலே போன குழந்தைகள் எல்லாம் அந்த வித்தியாசத்தில் உண்டு. ஆனால் அரை வயிற்று உடலில்தான் நோய் முதலில் புகுந்தது. 1891இல் மறுபடி எண்ணியபோதும் மாவட்டம் 1871இன் எண்ணிக்கையை எட்டியிருக்கவில்லை.