அலமாரியில் இருந்த 11,341 பெட்டிகள்

கல்லூரி நூலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் இருப்புச் சரிபார்ப்பு நடக்கும். ஒருவர் பதிவேட்டைப் பார்த்து எண்ணை வாசிப்பார். இன்னொருவர் அலமாரியில் தேடிவிட்டு "இருக்கு" என்பார். தொலைந்த புத்தகத்துக்கு விளக்கம் எழுதித் தர வேண்டும். வாங்கிய நாளிலிருந்து யாருமே எடுத்துப் படிக்காத புத்தகத்துக்கு எந்த விளக்கமும் வேண்டாம். அது அலமாரியில் இருந்தால் போதும், கணக்கு நேராகிவிடும்.

டெட்ராய்ட் நகரக் காவல்துறைக் கிடங்கின் வரலாற்றைப் படித்தபோது எனக்கு இந்தச் சரிபார்ப்புதான் நினைவுக்கு வந்தது.

2008இல் அந்த நகரக் காவல்துறையின் தடய அறிவியல் ஆய்வகத்தை இழுத்து மூடினார்கள். துப்பாக்கிச் சோதனைகளில் பெரும் பிழைகள் இருந்ததைத் தணிக்கை காட்டிக்கொடுத்ததே காரணம். அதன் பின்விளைவாக, 2009 ஆகஸ்டில் வெய்ன் கவுண்டி அரசு வழக்கறிஞர் அலுவலகத்தைச் சேர்ந்த ஒருவர், காவல்துறை தன் உபரிச் சான்றுப்பொருட்களைப் போட்டுவைத்திருந்த பழைய கிடங்குக்குப் போனார். அங்கே இரும்பு அலமாரிகளில் அட்டைப்பெட்டிகள் வரிசை வரிசையாக அடுக்கியிருந்தன. என்ன பெட்டிகள் என்று கேட்டார். பாலியல் வல்லுறவுக்கு ஆளான பெண்களின் உடலிலிருந்து எடுத்த தடயங்கள் என்று தெரிந்தது. மொத்தம் 11,341. சில 1980களைச் சேர்ந்தவை. மிகப் பெரும்பாலானவை ஆய்வகத்துக்குப் போகவே இல்லை.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். அது நிரம்ப நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகலாம். தாக்கப்பட்ட பெண், குளிக்கக்கூட முடியாமல், மருத்துவமனைக்கு வந்து மேசையில் படுக்கிறாள். செவிலியர் பஞ்சுக்குச்சிகளால் உடலின் ஒவ்வொரு இடமாகத் துடைத்து எடுக்கிறார். நகக்கண்ணைச் சுரண்டுகிறார், முடியைச் சீவி எடுக்கிறார், உள்ளாடையைத் தனி உறையில் போடுகிறார். ஒவ்வொன்றின் மீதும் பெயர், தேதி, நேரம், எடுத்தவர் கையெழுத்து. பிறகு பெட்டி ஒட்டி முத்திரையிடப்படுகிறது. இந்தத் துன்பத்துக்கு ஒரு பெண் சம்மதிப்பது, பெட்டியை யாராவது திறப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான்.

இந்தப் பெட்டி ஒரு பெண்ணின் யோசனை. 1970களில் சிகாகோவில், வீட்டைவிட்டு ஓடிவந்த பதின்வயதினருக்கான உதவி அமைப்பில் வேலை பார்த்தவர் மார்ட்டி காடர்ட். அந்தப் பிள்ளைகளில் பலர் வீட்டுக்குள் நடந்த பாலியல் கொடுமைக்குத் தப்பி வந்தவர்கள் என்பதை அவர் கண்டுகொண்டார். குற்றவாளிகள் ஏன் பிடிபடுவதில்லை என்று காவல்நிலையம், ஆய்வகம், மருத்துவமனை என ஏறி இறங்கிக் கேட்டார். மருத்துவமனை தரும் தடயம் எதற்கும் உதவாது என்றது காவல்துறை. கண்ணாடித் தகடுகளில் பெயர் இருக்காது, துணிகளை வெட்டிப் போட்டிருப்பார்கள். எதை எடுக்க வேண்டும், எப்படிக் கட்ட வேண்டும் என்று மருத்துவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. உடையைப் பறிகொடுத்த பெண் ஆஸ்பத்திரி அங்கியோடு வீட்டுக்குப் போக வேண்டும்.

காடர்ட், காவல்துறை ஆய்வகத்தின் லூயிஸ் விட்டுல்லோவுடன் சேர்ந்து பெட்டியை உருவாக்கினார். பணத்துக்கு அலைந்தார். கடைசியில் உதவியது பிளேபாய் அறக்கட்டளை. பெண்ணுடலை அட்டைப்படமாக்கிச் சம்பாதித்த பணம் இதற்கும் வந்தது! சக பெண்ணியவாதிகள் முகம் சுளித்தார்கள், அவர் வாங்கிக்கொண்டார். நானாக இருந்தாலும் வாங்கியிருப்பேன். 1978இல் சிகாகோ வட்டாரத்தின் 26 மருத்துவமனைகளில் பெட்டி நடைமுறைக்கு வந்தது. பெட்டியின் மேல் இருந்தது விட்டுல்லோவின் பெயர். காடர்ட் 2015இல் இறந்தபோது அவரை அறிந்தவர்கள் மிகக் குறைவு. 2020இல் பத்திரிகையாளர் பேகன் கென்னடி தேடி எழுதிய பிறகே இந்தக் கதை பரவலாக வெளியில் தெரிந்தது.

எதை எப்படி எடுப்பது, முத்திரை உடையாமல் எப்படிக் கைமாற்றுவது என்பதற்கெல்லாம் காடர்ட் விதி வகுத்தார். காவல்துறையின் அலமாரிக்கு வந்த பிறகு பெட்டி எத்தனை நாள் அங்கே இருக்கலாம் என்பதை வகுக்க அவருக்கு அதிகாரம் இல்லை.

அமெரிக்கக் காவல்துறைகளில் சான்றுப்பொருள் அறை என்பது தனிப் பிரிவு. அதற்கு ஒரு மேற்பார்வையாளர் உண்டு. பொருள் யாரிடமிருந்து யாருக்கு, எந்த நேரத்தில் போனது என்ற சங்கிலி அறுந்தால் வழக்கு நீதிமன்றத்தில் நிற்காது. அங்கே மூன்று பொருட்களுக்குத் தனிக் காவல்: துப்பாக்கி, போதைப்பொருள், பணம். தனிப் பூட்டு, அடிக்கடி திடீர்த் தணிக்கை. ஏனென்றால் அவை திருடு போகும், காவலர்களே திருடுவதும் உண்டு. வல்லுறவுத் தடயப் பெட்டியை யாரும் திருட மாட்டார்கள். சந்தையில் அதற்கு விலை இல்லை. ஆகவே அதைப் பற்றி மேற்பார்வையாளருக்குக் கவலை இல்லை. டெட்ராய்டில் எத்தனை பெட்டிகள் இருக்கின்றன, எவை ஆய்வகத்துக்குப் போயின என்று சொல்ல ஒரு பட்டியல்கூட இல்லை. ஒவ்வொன்றாக எண்ணி, ஆய்வகப் பதிவுகளோடு ஒப்பிட்டுத்தான் கண்டுபிடித்தார்கள்.

அதற்காகக் கிடங்குக்காரர் மேல் மட்டும் பழி போடுவது எளிது, அது நியாயமும் அல்ல. புலனாய்வு அதிகாரி எழுதிக் கேட்டால்தான் பெட்டி அலமாரியைவிட்டு இறங்கும். அவர் ஏன் கேட்கவில்லை? மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரெபெக்கா கேம்பல் குழு பழைய கோப்புகளைப் படித்து, அதிகாரிகளிடம் பேசி, 2015இல் அறிக்கை தந்தது. ஆள் பற்றாக்குறை, பணப் பற்றாக்குறை, அடிக்கடி மாறிய தலைமை என்று காரணங்கள் இருந்தன. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது. புகார் கொடுத்த பெண்களை, பதின்வயதுச் சிறுமிகளையும்கூட, பாலியல் தொழிலாளிகள் என்றும் பொய் சொல்கிறவர்கள் என்றும் கோப்பிலேயே எழுதிவைத்து விசாரணையை மேலோட்டமாக முடித்திருந்தார்கள். அந்த நகரத்தில் பெரும்பாலான புகார்தாரர்கள் கறுப்பினப் பெண்கள். ஆய்வகம் பெட்டியைத் திறக்கும் முன்பே காவல்நிலைய மேசையில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அலமாரி அதை ஏற்றுக்கொண்டது.

வெய்ன் கவுண்டியின் தலைமை அரசு வழக்கறிஞர் கிம் வொர்தி. அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண், முதல் கறுப்பினத்தவர். சட்டக் கல்லூரி மாணவியாக இருந்தபோது தானும் தாக்கப்பட்டதையும் புகார் தராததையும் அவரே பொதுவெளியில் சொல்லியிருக்கிறார். நகரத்திடம் பணம் இல்லை, 2013இல் டெட்ராய்ட் திவாலே ஆனது. கூட்டாட்சி அரசின் நிதி, மாநில நிதி, நன்கொடை என்று திரட்டினார். ஒரு பெட்டியைச் சோதிக்க ஏறத்தாழ 490 டாலர் என்று கணக்கிட்டு, அந்த எண்ணையே பெயராக வைத்துக் கறுப்பினப் பெண்கள் ஓர் இயக்கம் நடத்திப் பணம் சேர்த்தார்கள். ஒரு பெண்ணின் பெட்டியைத் திறக்கப் பிற பெண்கள் சந்தா கட்ட வேண்டியிருந்தது என்பதைப் பெருமையோடு சொல்வதா கோபத்தோடு சொல்வதா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

பெட்டிகளைச் சோதித்தபோது தொடர் குற்றவாளிகள் என்று சந்தேகிக்கத்தக்க 800க்கும் மேற்பட்டோரின் மரபணு கிடைத்தது. அவர்களில் பலர் வேறு மாநிலங்களிலும் குற்றம் செய்திருந்தார்கள். முதல் பெட்டியை அன்றே திறந்திருந்தால் இரண்டாவது பெண்ணுக்கு, ஐந்தாவது பெண்ணுக்கு அது நடந்திருக்காது என்று சொல்லக்கூடிய வழக்குகள் இவை.

டெட்ராய்ட் மட்டும் அல்ல. நியூயார்க்கில் 17,000 பெட்டிகள் தேங்கியிருந்தன. லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் 12,669 என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2009இல் கணக்குக் காட்டியது. இன்னும் சில இடங்களில், இடம் அடைக்கிறது என்று பெட்டிகளை அழித்தே விட்டார்கள். மாசசூசெட்ஸில் அமண்டா நூயன் என்ற இளம்பெண், தன் பெட்டி அழிக்கப்படாமல் இருக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அவர் போராடிப் பெற்ற 2016ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டத்தின்படி, எழுத்தில் கேட்டிருந்த பெண்ணுக்கு, பெட்டியை அழிப்பதற்கு 60 நாள் முன்பே தகவல் தர வேண்டும்.

மிச்சிகனில் 2014இல் சட்டம் வந்தது. மருத்துவமனையிலிருந்து 14 நாளுக்குள் காவல்துறை பெட்டியை எடுக்க வேண்டும், அடுத்த 14 நாளுக்குள் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். பட்டைக்குறியீடு ஒட்டி, யுபிஎஸ் கூரியர் நிறுவனத்தின் உதவியோடு பெட்டி எங்கே இருக்கிறது என்று பின்தொடரும் முறையையும் டெட்ராய்டில் சோதித்துப் பார்த்தார்கள். ஆன்லைனில் வாங்கிய செருப்பு எந்த ஊரைத் தாண்டியிருக்கிறது என்று வெகுகாலமாகவே நமக்குத் தெரிந்துகொண்டிருந்தது.

சோதனை முடிந்ததும் அந்தப் பெண்களுக்குத் தகவல் சொல்ல வேண்டுமே. பத்து, இருபது ஆண்டுகள் கழிந்திருந்தன. அந்த இரவைப் பற்றி இப்போதைய கணவருக்கோ பிள்ளைகளுக்கோ சொல்லாதவர்களும் அவர்களில் இருக்கக்கூடும். யார் போவது, கதவைத் திறப்பவரிடம் முதல் வாக்கியமாக எதைச் சொல்வது என்று ஆய்வாளர்களும் ஆதரவுப் பணியாளர்களும் புலனாய்வாளர்களும் உட்கார்ந்து பேசி ஒரு நடைமுறையை எழுதினார்கள். அதன்படி புலனாய்வாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். சிலர் வழக்கைத் தொடர ஒப்புக்கொண்டார்கள். சிலர் வேண்டாம் என்று கதவைச் சாத்தினார்கள்.