கட்டாயத் திரையிடலிலிருந்து மக்கள் திரையிடலுக்கு: இந்திய ஆவணப்படம் தனக்கான அரங்கைத் தேடிய வரலாறு

முன்னுரை

ஆவணப்படத்தின் வரலாறு பெரும்பாலும் இயக்குநர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. யார் எடுத்தார், எதைப் பற்றி எடுத்தார், எந்த விருது கிடைத்தது என்பவை விரிவாகப் பதிவாகியுள்ளன. அந்தப் படம் எந்த ஊரில், எந்த மண்டபத்தில், யார் செலவில் காட்டப்பட்டது, பார்த்தவர்கள் என்ன கேட்டார்கள் என்பவற்றுக்கு அவ்வளவு இடம் தரப்படவில்லை. ஆனால் ஆவணப்படம் முழுமை பெறுவது திரையிடலில்தான். பார்வையாளர் கேள்வி கேட்கும்போதுதான் அது பொதுவாழ்வின் பகுதியாகிறது.

இந்தியாவில் ஆவணப்படத் திரையிடல் கடந்து வந்த பாதையை 1940 தொடங்கி அண்மைக்காலம் வரை இக்கட்டுரை ஆராய்கிறது. அரசுப் படங்களுக்கு நாடெங்கும் அரங்குகள் இருந்தன. அவற்றுக்காகவே வந்த பார்வையாளர்கள் இருந்ததில்லை. பின்னர் தோன்றிய சுயேச்சைப் படங்களுக்கு அரங்குகள் இல்லை. ஆனால் தேடி வந்து பார்த்தவர்கள் இருந்தார்கள். சட்டம், தொழில்நுட்பம், பணம் ஆகிய மூன்றும் இந்த மாற்றத்தை எவ்வாறு வடிவமைத்தன என்பதே நம் கேள்வி.

சங்க அரங்கு என்னும் முன்மாதிரி

பிரிட்டிஷ் ஆவணப்பட முன்னோடி ஜான் கிரியர்சன், ராபர்ட் ஃப்ளாஹர்ட்டியின் ‘மோனா’ படத்துக்கு 1926இல் எழுதிய மதிப்புரையில் ஆவணத்தன்மை என்ற கருத்தை முன்வைத்தார். வட கடல் மீனவர்களைப் பற்றி அவர் எடுத்த ‘டிரிஃப்டர்ஸ்’ 1929 நவம்பர் 10 அன்று லண்டன் டிவோலி அரங்கில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. காட்டியது 1925இல் தொடங்கப்பட்ட லண்டன் ஃபிலிம் சொசைட்டி. பிரிட்டனில் பொதுத் திரையிடலுக்குத் தடை செய்யப்பட்டிருந்த ஐசன்ஸ்டைனின் ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’ அதே நிகழ்ச்சியில் இடம்பெற்றது. உறுப்பினர்களுக்கு மட்டுமான காட்சி என்பதால் அது இயன்றது.

சந்தா கட்டும் உறுப்பினர்கள், தணிக்கையிலிருந்து ஓரளவு விலக்கு, வணிகத் திரையரங்குகள் ஏற்காத படங்கள் ஆகிய மூன்று கூறுகளையும் பிற்காலத்தில் இந்தியத் திரைப்படச் சங்கங்களும் மேற்கொண்டன.

ஏ.கே. செட்டியாரின் முயற்சி

தமிழர் ஒருவரின் தனி முயற்சி இந்திய ஆவணப்பட வரலாற்றின் தொடக்கத்திலேயே நிற்கிறது. பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியார் 1937 முதல் கண்டங்கள் கடந்து அலைந்து, பல நாடுகளில் சிதறிக் கிடந்த காந்தி பற்றிய படச்சுருள்களைத் திரட்டினார். 1940இல் தமிழ் விளக்க உரையுடன் ‘மகாத்மா காந்தி’ படம் வெளியானது. ஆங்கில வடிவம் 1953இல் அமெரிக்காவில் வந்தது. காலனி ஆட்சி நடந்தபோதே இந்தப் படம் திரையரங்குகளுக்குச் சென்றது. அரசு ஆணை எதுவும் அதைத் திரையரங்குக்குக் கொண்டு செல்லவில்லை. மக்கள் ஆவணப்படத்தை விரும்பிப் பார்ப்பார்கள் என்பதற்கு அன்றே சான்று கிடைத்துவிட்டது. அந்தப் பாதை தொடராமல் போனதற்கு, அடுத்து வந்த ஆண்டுகளில் அரசு கையாண்ட முறை ஒரு முக்கியக் காரணம்.

கட்டாயத் திரையிடலின் காலம்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் அரசு 1940இல் ஃபிலிம் அட்வைசரி போர்டையும், 1943இல் இன்ஃபர்மேஷன் ஃபிலிம்ஸ் ஆஃப் இந்தியாவையும் ஏற்படுத்தியது. இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ், அரசு ஒப்புதல் பெற்ற படங்களைத் திரையரங்குகள் ஒவ்வொரு காட்சியிலும் காட்டியாக வேண்டும் என்ற ஆணை வந்தது. போர்ப் பிரச்சாரத்துக்கான நிறுவனம் என்பதால் தேசிய இயக்கத்தினர் அதை வெறுத்தனர். 1946இல் அது மூடப்பட்டது. அடுத்த ஆண்டு நாடு விடுதலை பெற்ற தருணத்தைப் படமாக்க அரசிடம் முறையான படப்பிரிவு இல்லாமல் போனது.

சுதந்திர இந்தியா அந்தக் கருவியைக் கைவிடவில்லை. 1948இல் ஃபிலிம்ஸ் டிவிஷன் தொடங்கப்பட்டது. 1952ஆம் ஆண்டின் சினிமட்டோகிராஃப் சட்டமும் மாநிலச் சட்டங்களும் திரையரங்கு உரிமத்தின் நிபந்தனையாகவே கட்டாயத் திரையிடலைத் தொடர்ந்தன. அப்படங்களுக்கான வாடகையாகத் தங்கள் நிகர வசூலில் 1 சதவீதம் வரை திரையரங்குகள் செலுத்தின. நகரத் திரையரங்கு முதல் கிராமத்து டூரிங் டாக்கீஸ் வரை, முக்கியப் படம் தொடங்குமுன் நியூஸ் ரீல் ஓடியது. வெள்ள நிவாரணம், அணைக்கட்டு, ஐந்தாண்டுத் திட்டம் முதலியவற்றைக் கோடிக்கணக்கான மக்கள் முதலில் கண்டது அந்தத் திரையில்தான்.

அந்த நிறுவனத்துக்குள்ளேயே சிறந்த படைப்புகளும் பிறந்தன. 1960களில் ஜான் பவநகரியின் வழிகாட்டுதலில் எஸ்.என்.எஸ். சாஸ்திரி ‘ஐ ஆம் 20’ எடுத்தார். சுதந்திரத்தோடு பிறந்த இளைஞர்கள் நாட்டைப் பற்றி மனம் திறந்து பேசும் படம் அது. எஸ். சுக்தேவின் ‘இந்தியா 67’, பிரமோத் பதியின் ‘எக்ஸ்ப்ளோரர்’ ஆகியவையும் அக்காலத்தவை. ஆயினும் திரையிடல் முறை மாறவில்லை. பார்வையாளர் வாங்கிய டிக்கெட் வேறு படத்துக்கானது. நியூஸ் ரீல் முடிந்ததும் கேள்வி கேட்கவோ மறுத்துப் பேசவோ அங்கே இடமில்லை. ஆவணப்படம் என்றாலே அரசின் குரல் என்ற எண்ணம் பல தலைமுறைகளின் மனத்தில் பதிந்தது இந்த முறையால்தான்.

கட்டாயத் திரையிடல் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1999இல் தீர்ப்பளித்தது. ஆனால் அதற்குள் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்துவிட்டது. நடைமுறையில் அந்த ஏற்பாடு தேய்ந்துபோயிருந்தது.

திரைப்படச் சங்கங்கள்

சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களுடன் 1947இல் கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கினர். சென்னையில் மெட்ராஸ் ஃபிலிம் சொசைட்டி 1957இல் உருவானது. அதை முன்னின்று நடத்தியவர் அம்மு சுவாமிநாதன். 1959இல் ராயைத் தலைவராகக் கொண்டு அகில இந்தியக் கூட்டமைப்பு அமைந்தது. 1960களில் உறுப்பினர் காட்சிகளுக்குத் தணிக்கை விலக்கு கிடைத்ததும் சங்கங்கள் பெருகின. அடூர் கோபாலகிருஷ்ணன் 1965இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய சித்ரலேகா அவற்றுள் குறிப்பிடத்தக்கது.

இச்சங்கங்கள் அதிகம் திரையிட்டவை வெளிநாட்டுக் கதைப்படங்கள். ஆவணப்படத்துக்கு அவை தந்த கொடை வேறு வகையானது. படம் முடிந்தபின் விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்து விவாதிக்கும் பழக்கத்தை அவை உருவாக்கின. ஆனால் உறுப்பினர்கள் பெரும்பாலும் நகரத்துப் படித்தவர்கள். அந்த எல்லையை உடைத்தது அடுத்த கட்டம்.

16 மி.மீ. முதல் வீடியோ வரை

திரையரங்கின் 35 மி.மீ. புரொஜெக்டர் அசையாச் சொத்து. 16 மி.மீ. கருவியை ஒருவர் தூக்கிச் செல்லலாம். பள்ளிக்கூடச் சுவரிலும் வேட்டித் திரையிலும் காட்டலாம். ஆனந்த் பட்வர்தன் பீகார் மக்கள் இயக்கத்தைப் பற்றி எடுத்த ‘கிராந்தி கி தரங்கே’ நெருக்கடிநிலைக் காலத்தில் மறைவாகவே காட்டப்பட்டது. பின்னர் அவர் ‘பம்பாய் அவர் சிட்டி’, ‘ராம் கே நாம்’ முதலிய படங்களைத் தொழிற்சங்கக் கூட்டங்களிலும் கல்லூரிகளிலும் குடிசைப் பகுதிகளிலும் திரையிட்டார். பொதுமக்கள் பணத்தில் இயங்கும் தூர்தர்ஷன் தன் படங்களை ஒளிபரப்ப வேண்டும் என்று நீதிமன்றம் வரை சென்று போராடினார். அவருடைய ‘பித்ர, புத்ர அவுர் தர்மயுத்’ படத்தை ஒளிபரப்ப உச்ச நீதிமன்றம் 2006இல் ஆணையிட்டது.

கேரளத்தில் ஜான் ஆபிரகாமும் தோழர்களும் 1984இல் ஒடேஸா அமைப்பைத் தொடங்கினர். தமிழில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ எடுத்த அதே இயக்குநர்தான் அவர். சாப்ளின் படத்தை ஊர் ஊராகக் காட்டி, மக்களிடம் சிறுதொகைகளைத் திரட்டி 1986இல் ‘அம்ம அறியான்’ உருவானது. அது கதைப்படமே, ஆயினும் உண்மைப் போராட்டங்களின் பதிவுகள் அதில் கலந்திருந்தன. பணம் தந்தவர்களின் ஊருக்கே படம் திரும்பிச் சென்று இலவசமாகக் காட்டப்பட்டது. தயாரிப்பாளரும் பார்வையாளரும் ஒருவரே என்ற நிலையை ஒடேஸா நடைமுறையில் காட்டியது.

வீடியோ கேசட் செலவை மேலும் குறைத்தது. சலம் பென்னூர்கர் சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் உழன்ற சிறுவர்களைப் பற்றி 1990இல் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ போன்ற படங்களுக்கு, சிறு கூட்டங்களையே நம்பியிருந்த இந்தத் திரையிடல் சுற்று உயிர்நாடியாக இருந்தது.

விகல்ப், கோரக்பூர், மதுரை

2004 மும்பை சர்வதேச ஆவணப்பட விழாவுக்கான இந்தியப் படங்கள் தணிக்கைச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. படைப்பாளிகள் ஒன்றுதிரண்டு எதிர்த்ததால் விதி விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆனால் அரசியல் கூர்மை கொண்ட பல படங்கள் தேர்வில் தள்ளப்பட்டன. விலக்கப்பட்டவர்கள் அதே நாட்களில் விழா அரங்குக்கு அருகிலேயே ‘விகல்ப்: சுதந்திரத்துக்கான திரைப்படங்கள்’ என்ற மாற்று விழாவை நடத்தினர். குஜராத் வன்முறை பற்றிய ராகேஷ் சர்மாவின் ‘ஃபைனல் சொல்யூஷன்’ அவ்வாறு விலக்கப்பட்ட படங்களுள் ஒன்று. அதைப் பார்த்தவர்கள் வி.சி.டி. நகல் எடுத்துப் பிறருக்குத் தர வேண்டும் என்ற வேண்டுகோளோடு அவர் படத்தைப் பரப்பினார். தணிக்கை வாரியம் அதற்கு விதித்த தடை அவ்வாண்டே நீங்கியது.

2006 மார்ச்சில் உத்தரப்பிரதேசத்தின் கோரக்பூரில் தொடங்கிய விழா ‘எதிர்ப்பின் சினிமா’ இயக்கமாக வளர்ந்தது. அரசு, பெருநிறுவனம், தொண்டு நிறுவனம் என எவரிடமும் நிதி பெறாமல் ஊர் மக்களின் நன்கொடையில் மட்டுமே நடத்துவது அதன் கொள்கை.

இவற்றுக்கெல்லாம் முன்பே, 1998இல், அமுதன் ஆர்.பி. முன்னின்று நடத்தும் மறுபக்கம் அமைப்பு மதுரையில் ஆவணப்பட, குறும்பட விழாவைத் தொடங்கியது. பெருநகரமல்லாத ஓர் ஊரில், பெரிய ஆதரவாளர் எவருமின்றி ஆண்டுதோறும் அவ்விழா நடந்து வந்திருக்கிறது. மதுரைத் தெருவொன்றில் மலம் அள்ளும் பெண் தொழிலாளியின் அன்றாடத்தைக் காட்டும் அமுதனின் ‘பீ’ (2003) இந்தச் சூழலில் விளைந்த படம். திருநெல்வேலியில் காஞ்சனை திரைப்பட இயக்கத்தை நடத்திய ஆர்.ஆர். சீனிவாசன், 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர் ஊர்வலத்தில் 17 பேர் தாமிரபரணியில் உயிரிழந்ததை ‘நதியின் மரணம்’ என்று ஆவணமாக்கினார். படம் காட்டிவந்தவர்களே படம் எடுப்பவர்களாக மாறியது தற்செயல் அல்ல. திரையிடல் நடக்கும் ஊரில் பார்வையாளர் உருவாகிறார்; பார்வையாளரிலிருந்து படைப்பாளி உருவாகிறார். தமிழ்நாட்டுச் சான்றுகள் நமக்குத் தெளிவாகக் காட்டுவது இதைத்தான்.

இரண்டு பூட்டுகள்

இத்தகைய திரையிடலுக்கு இன்றும் இரண்டு சட்டத் தடைகள் உள்ளன. படத்துக்கு மத்தியச் சட்டத்தின் சான்றிதழ் தேவை. இடத்துக்கு 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு சினிமாக்கள் (ஒழுங்குமுறை) சட்டம் போன்ற மாநிலச் சட்டத்தின் உரிமம் தேவை. ஆயிரம் பேர் அமரும் வணிகத் திரையரங்கை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதிகளை ஐம்பது பேர் கூடும் வாசகசாலைக்கும் பொருத்த முடிகிறது. 2017இல், மலம் அள்ளும் துப்புரவுத் தொழிலாளர்களைப் பற்றிய திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ படத்தைத் திரையிடப் பல இடங்களில் காவல்துறை அனுமதி மறுத்தது. படம் யூடியூபில் வெளியாகி ஏராளமானோரைச் சென்றடைந்தது. அதே ஆண்டு கேரள அரசின் ஆவணப்பட விழாவில் மூன்று படங்களுக்கு மத்திய அரசு தணிக்கை விலக்கு தரவில்லை.

இணையம் வந்தபின் அரங்கு எதற்கு என்று கேட்கலாம். கைப்பேசியில் ‘கக்கூஸ்’ பார்ப்பவர் தனியாகப் பார்க்கிறார். துப்புரவுத் தொழிலாளரும் நகராட்சி உறுப்பினரும் கல்லூரி மாணவரும் ஒரே அறையில் அமர்ந்து பார்த்து, அங்கேயே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதன் பயன் அதில் கிடைக்காது. ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ 2023இல் ஆஸ்கர் வென்றதும் அது படமாக்கப்பட்ட தெப்பக்காடு உலகறிந்த ஊரானது. ஒரு படத்தை உலகம் அறிவதும் ஊர் கூடி விவாதிப்பதும் தனித்தனித் தேவைகள். இரண்டாவதை நிறைவேற்ற உள்ளூர் அரங்குதான் வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, கட்டாயத்தால் அரங்குகளை நிரப்ப முடிந்தது. ஆவணப்படத்தின் மீது பற்றை வளர்க்க முடியவில்லை. இரண்டாவது, கருவி எளிதாகும்தோறும் திரையிடல் மையத்திலிருந்து விலகிச் சிற்றூர்களை நோக்கி நகர்ந்தது. மூன்றாவது, யார் பணம் தருகிறார்களோ அவர்களே எதைக் காட்டலாம் என்பதைத் தீர்மானித்தார்கள். ஊரே பணம் தந்தபோது ஊருக்குத் தேவையான படம் வந்தது.

சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் அரங்குகள் இருக்கின்றன. அவற்றிலும் மாவட்ட மைய நூலகங்களிலும் மாதம் ஒரு நாள் ஆவணப்படமும் கலந்துரையாடலும் நடத்தப்பட வேண்டும். கட்டணமில்லாத சிறு திரையிடல்களுக்குச் சான்றிதழிலிருந்தும் உரிமத்திலிருந்தும் தெளிவான விலக்கு தரும் திருத்தம் வர வேண்டும். ஒரு பணி வாசகர்களின் கையிலும் இருக்கிறது. படங்கள் காப்பகங்களில் சேர்கின்றன. திரையிடலின் தடயங்கள் சேர்வதில்லை. உங்கள் ஊர்த் திரைப்படச் சங்கத்தின் பழைய அழைப்பிதழ், துண்டறிக்கை, வரவு செலவு நோட்டு, கூட்டக் குறிப்பு எது வீட்டில் இருந்தாலும் பழைய தாளோடு போட்டுவிடாதீர்கள். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓர் ஆவணக் காப்பகத்தில் ஒப்படையுங்கள். அடுத்து வரும் ஆய்வாளர் இந்த வரலாற்றை ஊர்வாரியாக எழுத அவையே சான்றாகும்.