எதிர்ப்பாற்றல் மீட்சி: பிறவிக் குறைபாடுள்ள குழந்தைகளில் குருத்தணு மாற்றுக்குப் பின்

நோயெதிர்ப்பு அணுக்கள் பிறவியிலேயே உருவாகாத, அல்லது உருவாகியும் இயங்காத குழந்தைக்கு இன்னொருவரின் குருத்தணுக்கள் கொண்ட எலும்பு மஜ்ஜையை ஏற்றிய பிறகு, அதுவரை இல்லாத எதிர்ப்பாற்றல் படிப்படியாக உருப்பெறுவதே எதிர்ப்பாற்றல் மீட்சி. மஜ்ஜை ஏற்றிய நாளையே குணமடைந்த நாளாகக் கொள்ளும் போக்கு பொதுவாக உண்டு. கிடைக்கும் சான்றுகள் அதற்கு இடம் தருவதில்லை. மலேசியாவின் வட சிலாங்கூரில் இந்தப் பிறவிக் குறைபாட்டின் பழைய வரலாறு ஏறக்குறைய வெற்றிடம்தான். தோட்டங்களின் வரலாறோ பழையது: கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமாரம் தோட்டத்தில் 1917இல் செம்பனை வணிக முறையில் நடப்பட்டது. அதற்கும் முன்பே மருத்துவர் மால்கம் வாட்சன் சிலாங்கூர் தோட்டங்களில் குழந்தைகளின் வயிற்றைத் தடவி, வீங்கிய மண்ணீரல்களை எண்ணி மலேரியாவைக் கணித்தார். ஒரு நோய்க்காகத் தோட்டத்துப் பிள்ளைகள் இவ்வளவு கவனமாகக் கணக்கெடுக்கப்பட்டது வியப்புக்குரியது. அந்தப் பிறவிக் குறைபாடான கடும் கூட்டு நோயெதிர்ப்புக் குறைபாட்டையோ சுவிட்சர்லாந்தின் கிளான்ஸ்மனும் ரினிக்கரும் 1950இல்தான் விவரித்தார்கள். அதற்கு முன் லயங்களில் இந்நோயால் குழந்தைகள் இறந்திருந்தால், அந்த இறப்புகள் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, நிமோனியா என்றே பதிவாகியிருக்கக்கூடும்.

சான்றுகள் பெருகுவது 1968 முதல். அவ்வாண்டு மினியாபொலிஸில் ராபர்ட் குட் குழுவினர் ஐந்து மாத ஆண் குழந்தைக்கு அவனுடைய அக்காவின் மஜ்ஜையைச் செலுத்தினர். தாய்வழியில் ஏற்கெனவே 11 ஆண் குழந்தைகளைப் பறிகொடுத்த குடும்பம் அது. எதிர்ப்பாற்றல் வந்தது, ஆனால் இரத்த உற்பத்தி சரிந்ததால் அதே அக்காவிடமிருந்து இரண்டாம் முறையும் மஜ்ஜை எடுக்க வேண்டியதாயிற்று. முதல் வெற்றியே ஒரே நாளில் முடியவில்லை. ஹியூஸ்டனில் 1971இல் பிறந்து பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வளர்ந்த டேவிட் வெட்டரின் கதை இதன் மறுபக்கம். 1983 அக்டோபரில் தமக்கையின் மஜ்ஜை ஏற்றப்பட்டது. அதில் உறங்கிக் கிடந்த எப்ஸ்டீன்-பார் வைரஸைத் தடுக்க, நோயெதிர்ப்பு அணுக்களான டி அணுக்கள் வளர்ந்திருக்கவில்லை. நான்கு மாதத்தில், 1984 பிப்ரவரியில், அவன் புற்றுநோயால் இறந்தான். டியூக் பல்கலைக்கழகத்தின் ரெபேக்கா பக்லி 1999இல் வெளியிட்ட தொகுப்பு இத்துறையின் மிக விரிவான பதிவுகளுள் ஒன்று: 89 குழந்தைகளில் 72 பேர் பிழைத்தனர். மூன்றரை மாதத்துக்கு முன்பே மாற்று பெற்ற 22 பேரில் 21 பேர் பிழைத்தது, தாமதம் எவ்வளவு விலை கேட்கிறது என்பதைக் காட்டுகிறது. ஆயினும் பிழைத்த 72 பேரில் 45 பேர் இம்யூனோகுளோபுலின் (எதிர்ப்பொருள்) ஊசியை நம்பியே இருந்தார்கள். டி அணுக்கள் வந்துவிட்டன, எதிர்ப்பொருள் சுரக்கும் பி அணுக்களின் வேலை பலருக்குச் சரியாகவில்லை.

பொருத்தமான உடன்பிறப்பின் மஜ்ஜை கிடைத்தால் இரண்டே வாரத்தில் டி அணுக்கள் இயங்குகின்றனவே என்று மறுப்பவர்கள் உண்டு. உண்மைதான். ஆனால் அவை கொடையாளரிடமே முதிர்ந்து மஜ்ஜையோடு வந்தவை. குழந்தையின் சொந்தத் தைமஸ் சுரப்பி புதிய டி அணுக்களை அனுப்ப மாதக்கணக்கில் ஆகிறது. அந்த உற்பத்தியும் ஓரிரு ஆண்டுகளில் உச்சம் தொட்டு, பின்னர் மெல்லத் தளர்வதை டியூக் குழுவின் 2000ஆம் ஆண்டு ஆய்வு கண்டது. இரண்டு வயதுக்குள் உயிரைப் பறிக்கும் நோயில் பிழைப்பதே போதாதா என்பது இதைவிட வலுவான கேள்வி. பிழைப்பை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் மாதாமாதம் ஊசிக்காகத் தலைநகருக்குப் பயணம் போக வேண்டிய குடும்பத்துக்கு, 72இல் 45 என்பது வெறும் பின்குறிப்பு ஆகாது. முன்கூட்டியே மருந்தால் குழந்தையின் மஜ்ஜையை ஒடுக்கினால் பி அணுக்கள் மேம்படலாம். பச்சிளம் உடலுக்கு அம்மருந்து தரும் சேதத்தை எண்ணும்போது எது மேல் என்பதில் நிபுணர்களிடையே இன்னும் கருத்தொற்றுமை இல்லை.

தமிழர் வாழும் பகுதிகளில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் 1986இலும், கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1987இலும் மஜ்ஜை மாற்று தொடங்கியது. தாய்மாமன், அத்தை மகன் என்று உறவுக்குள்ளேயே நடக்கும் திருமணங்கள், பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் மட்டுமே தோன்றும் வகைகளின் வாய்ப்பைக் கூட்டுகின்றன. தாய்வழியில் ஆண் பிள்ளைகளை மட்டும் தாக்கும் வகைக்கும் இதற்கும் தொடர்பில்லை. அதே உறவு முறையால் விரிந்த குடும்பத்தில் பொருத்தமான கொடையாளர் கிடைக்கும் வாய்ப்பும் கூடுவதுண்டு. மாற்று நடப்பது நகரத்தில், மீட்சி நடப்பது வீட்டில். ஆயாக் கொட்டகையின் சளியும் அம்மையும் அத்தகைய குழந்தைக்கு ஆபத்து. நேரடி உயிர்க்கிருமித் தடுப்பூசிகளை, டி அணுக்கள் நிலைபெற்று இம்யூனோகுளோபுலினும் நின்ற பிறகே பொதுவாகப் போடுகிறார்கள்.

உயிர்க்கிருமி கொண்ட காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. மட்டும் அப்படிக் காத்திருப்பதில்லை. 1961 முதல் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் பகுதியாக உள்ள அந்த ஊசி, மலேசியக் குழந்தைக்குப் பிறந்தவுடனேயே போடப்படுகிறது. குறைபாடுள்ள குழந்தையின் உடலில் அக்கிருமி பரவலாம். மாற்றுக்குப் பின் டி அணுக்கள் எழும்போது, இடது புஜத்துத் தழும்பு திடீரெனச் சிவந்து வீங்குவதும் அக்குளில் நெறி கட்டுவதும் உண்டு. பார்ப்பவருக்கு நோய் முற்றியதாகத் தோன்றினாலும், பல வேளைகளில் அது அணுக்கள் கிருமியை அடையாளம் கண்டுகொண்டதன் அறிகுறி. குறைபாட்டை முன்கூட்டியே கண்டறியும் வழியும் உண்டு: அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 2008இல் குதிகாலில் எடுக்கும் ஒரு சொட்டு இரத்தத்தைக் கொண்டு, பிறந்த எல்லாக் குழந்தைகளையும் இந்நோய்க்குச் சோதிக்கத் தொடங்கியது. தைவான் 2016இல் பி.சி.ஜி.யை ஐந்தாம் மாதத்துக்குத் தள்ளிவைத்தது. காசநோய் ஒழியாத நாடுகள் அவ்வாறு தள்ளிவைக்கலாமா என்பது விவாதத்தில் உள்ளது.