கழனி நாட்டில் தார்ச்சாலை

ஆறுகளுக்கு வரலாறு எழுதியோர் பலர் உண்டு. கோயில்களுக்கும் அரசர்களுக்கும் எழுதியோர் அவர்களினும் பலர். நாள்தோறும் நாம் மிதித்து நடக்கின்ற சாலைக்கு வரலாறு எழுதியவர்களோ மிகச் சிலர். மாணவ நேயர்களே, இன்று நான் உங்களோடு பேச விரும்புவது தஞ்சைத் தரணியின் தார்ச்சாலையைப் பற்றி. குறிப்பாக, திருத்துறைப்பூண்டி வட்டாரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறேன். சாலையை அமைப்பதைக் காட்டிலும் அதனைப் பழுது பார்த்துக் காப்பதே பெருந்தொழில் என்பதற்கு அவ்வட்டாரத்தைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

திருத்துறைப்பூண்டியில் நின்றுகொண்டு வடக்கே திருவாரூருக்கோ, வடமேற்கே மன்னார்குடிக்கோ, தென்மேற்கே முத்துப்பேட்டைக்கோ, தென்கிழக்கே வேதாரணியத்துக்கோ புறப்பட்டாலும் நாம் காண்பது ஒரே காட்சிதான். சாலையின் இருமருங்கும் வயல். வயலுக்கும் சாலைக்கும் இடையில் வாய்க்கால். அருகில் முள்ளியாறு ஓடுகிறது. காவிரியும் வெண்ணாறும் பல நூற்றாண்டுகளாகச் சுமந்து வந்து பரப்பிய வண்டல்மண் இது. உழவனுக்கு இம்மண் பொன். சாலை போட வந்த பொறியாளனுக்கோ இதைவிடப் பெரிய பகை வேறில்லை. ஈரம் பட்டால் குழைந்து பருத்துவிடும். கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடித்துவிடும். போதாக்குறைக்கு, இம்மண்ணைத் தோண்டினால் ஒரு கல்லும் கிடைக்காது. தஞ்சைக்குத் தென்மேற்கே வல்லத்தை அடுத்த மேட்டில் செம்புறாங்கல் உண்டு. உறுதியான கருங்கல் வேண்டுமெனில் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கங்களுக்குப் போகவேண்டும். நெல்லுக்குக் குறைவில்லாத நாடு கல்லுக்குப் பிறர் கையை எதிர்பார்த்தது!

இந்நாட்டில் வழிகளே இல்லாதிருந்தன என்று நினைத்துவிடக் கூடாது. சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலத்தின் எல்லை கூறும்போது இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு என்று குறிப்பது வழக்கம். வதியும் வாய்க்காலும் இணைபிரியாமல் நிற்பதைக் கவனியுங்கள். பெருவழி என்ற சொல்லும் கல்வெட்டுகளில் உண்டு. பின்னர்த் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்கள் இராமேசுவர யாத்திரை வழியில் சத்திரங்கள் கட்டினர்; ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி அமைத்த முத்தாம்பாள் சத்திரம் இன்றும் உள்ளது. ஆனால் அவ்வழிகள் பெரும்பாலும் மண்வழிகளே. ஐப்பசி, கார்த்திகையில் வண்டி அச்சுவரை சேற்றில் இறங்கிவிடும். மழைக்காலத்தில் பயணம் போவதில்லை என்பதே அக்காலத்தார் கண்ட தீர்வு.

இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் லவுடன் மெக்காடம் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் ஓர் உண்மையை வற்புறுத்தினார். சாலையின் சுமையைத் தாங்குவது கல் அன்று, அடியிலுள்ள மண்ணே; அம்மண்ணை உலர்ந்த நிலையில் வைத்துவிட்டால் அது எதையும் தாங்கும் என்பது அவர் கொள்கை. ஆகவே சிறு கற்களை மெல்லிய படலமாகப் பரப்பி, நடுவைச் சற்றே உயர்த்தி, மழைநீர் இருபுறமும் வழிந்தோடும்படி செய்தார். 30 அடி அகலமுள்ள சாலைக்கு நடுவில் 3 அங்குல உயரம் போதும் என்பது அவர் கணக்கு. நம் நாட்டில் கப்பிச் சாலை என்று வழங்குவது இம்முறையில் அமைந்ததே. மண்ணை உலர்த்தி வை என்ற அறிவுரை ஸ்காட்லாந்து மலைச்சாரலுக்குப் பொருந்தும். ஆண்டில் பாதி நாள் நீரை நிறுத்தி வைத்து நெல் விளைவிக்கும் நாட்டில் அதனை எவ்வாறு பின்பற்றுவது? சாலையை உயர்த்திக் கரைபோல் கட்டுவது ஒன்றே வழி. அக்கரையின் இருபுறமும் வயல்நீர் ஊறிக்கொண்டேயிருக்கும்.

1884ஆம் ஆண்டின் சென்னை உள்ளூராட்சிச் சட்டத்தின்படி மாவட்டக் கழகங்கள் அமைந்தன. சாலை பராமரிப்பு அவற்றின் முதற்கடமைகளுள் ஒன்று. தஞ்சை மாவட்டக் கழகம் இத்துறையில் செய்த காரியம் விசித்திரமானது. அது நிலவரியோடு ஒரு தனி வரி திரட்டி, ஓர் இருப்புப் பாதையையே சொந்தமாகப் போட்டது! மாயூரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டைக்குச் சென்ற அப்பாதை 1894இல் திறக்கப்பட்டது. கல் இல்லாத நாட்டில் சாலையை நம்பிப் பயனில்லை என்று கழகத்தார் எண்ணினரோ என்று நினைக்கத் தோன்றுகிறது. அது என் ஊகம்தான்.

அந்நாளில் சாலையின் பெரும்பகை மாட்டுவண்டி. வண்டிச் சக்கரத்தைச் சுற்றி இரும்புப் பட்டை பூட்டியிருப்பார்கள். பட்டையின் அகலமோ மிகக் குறைவு. நெல் மூட்டைகளின் பாரம் முழுவதும் அச்சிறு பட்டையின் வழியே கல்லின்மேல் இறங்கும். கல் நொறுங்கிப் பொடியாகும். பொடி கோடையில் புழுதியாய்ப் பறக்கும், மழையில் சேறாய்க் கரையும். ஒரு வண்டி சென்ற தடத்திலேயே அடுத்த வண்டியும் செல்வது மாட்டின் இயல்பு. ஆகவே இரண்டு நீண்ட பள்ளங்கள் சாலை நெடுகிலும் விழுந்துவிடும். மோட்டார் வண்டி வந்தபின் நிலைமை இன்னும் மோசமாயிற்று. விரைந்து செல்லும் ரப்பர்ச் சக்கரம் கற்களுக்கு இடையிலுள்ள பொடியை உறிஞ்சி எடுத்து வீசிவிடும். பிடிப்பு இழந்த கற்கள் சிதறிவிடும்.

இந்தப் புழுதிக்கு மருந்தாக வந்ததே தார். நிலக்கரியிலிருந்து விளக்கு எரிக்கும் வாயு எடுக்கும்போது மிஞ்சுகிற கரும்பிசின் அது. 1902இல் பிரான்சு நாட்டை ஒட்டிய மொனாக்கோவில் குக்லியெல்மினெட்டி என்ற மருத்துவர் புழுதியை அடக்கச் சாலையில் தார் பூசிக் காட்டினார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் ஹூலி என்ற பொறியாளர் தாரும் கல்லும் கலந்த கலவைக்கு உரிமை பெற்றார். இன்று நாம் தார் என்று சொல்வது உண்மையில் தார் அன்று. பெட்ரோலிய எண்ணெயைக் காய்ச்சி வடித்தபின் அடியில் தங்கும் பிட்டுமென் அது. பொருள் மாறியும் பெயர் நிலைத்துவிட்டது. பழந்தமிழில் இத்தகைய கரும்பிசினுக்குக் கீல் என்று பெயர். படகின் பலகை இடுக்குகளை அடைக்கப் பூசுவார்கள். இலங்கைத் தமிழர் நிலக்கீல் என்று எழுதுகிறார்கள். நல்ல சொல், நம்மிடையே அது பரவாமற் போனது இழப்பே.

இந்தியாவில் மோட்டார்ச் சாலைகளை ஆராய 1927இல் ஜெயகர் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அதன் பரிந்துரையின்படி 1929இல் பெட்ரோல்மீது கேலனுக்கு இரண்டணா கூடுதல் வரி விதித்து மத்தியச் சாலை நிதி ஏற்பட்டது. 1934இல் இந்தியச் சாலைக் காங்கிரஸ் தோன்றியது. சென்னை மாகாணத்தில் 1946இல் நெடுஞ்சாலைத் துறை தனித்துறையாயிற்று. 1957இல் சென்னையில் நெடுஞ்சாலை ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. இவ்வாறு படிப்படியாகக் கப்பிச் சாலைகள் கருமை பூண்டன.

கருமை பூண்டபின் பகைவர் மாறினர். முதற்பகை வெயில். கறுப்பு நிறம் வெப்பத்தை உண்ணும். காற்றின் வெம்மை 40 டிகிரி செல்சியசை நெருங்கும் கத்திரி வெயிலில் தார்ப்பரப்பு 60 டிகிரியையும் தாண்டிவிடும். பிட்டுமென் திண்ணமான பொருள்போல் தோன்றினாலும் வெப்பம் ஏற ஏற இளகுவது. அதன் கெட்டித்தன்மையை அளக்க ஒரு சோதனை உண்டு: 25 டிகிரியில், 100 கிராம் பாரமுள்ள ஊசியொன்றை அதன்மேல் 5 வினாடி நிறுத்தி, எத்தனை தூரம் இறங்கிற்று என்று பார்ப்பார்கள். மிக இளகிய பிட்டுமெனை வெப்ப நாட்டில் இட்டால் கோடையில் அது மேலே கசிந்து பளபளக்கும், செருப்பு ஒட்டும், சக்கரம் வழுக்கும். அப்போது செய்யவேண்டியது எளிது. பருமணலையோ பொடிச் சல்லியையோ சூடாகத் தூவி உருளையை ஓட்டினால், கசிந்ததை அது உண்டுவிடும்.

வெயிலின் மற்றொரு வேலை மறைவானது. காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி, பிட்டுமெனை அது ஆண்டுக்காண்டு இறுகச் செய்கிறது. இறுகிய பிட்டுமெனுக்கு நெகிழ்ச்சி இல்லை. மயிரிழை போன்ற வெடிப்புகள் விழும். இராஜஸ்தானத்துத் தார்ப் பாலைவனத்திலும், நம் முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர் இளைஞர்கள் வேலைக்குச் செல்லும் அரபு நாடுகளிலும் சாலைக்கு நேரும் மூப்பு பெரும்பாலும் இதுதான். ஆங்கே வெடிப்புகளைச் சுத்தம் செய்து உருக்கிய பிட்டுமெனை ஊற்றி அடைப்பதும், மேலே மெல்லிய பூச்சு ஒன்று தருவதும் பல ஆண்டு ஆயுளைக் கொடுக்கும். வெடிப்பு விழுந்தாலும் அதில் இறங்க அங்கே நீர் இல்லை. இங்கேயோ கோடை வெடிக்கவைத்த இடத்தில் ஐப்பசி மழை நேரே இறங்குகிறது. இரண்டு பகைவரும் முறை வைத்துத் தாக்குகின்றனர் என்று சொல்லலாம்.

நீர் எவ்வாறு சாலையைக் கெடுக்கிறது? நாம் இடும் கருங்கல் வகைகளுள் பல, பிட்டுமெனைவிட நீரையே மிகுதியாக விரும்புபவை. இடுக்கில் புகுந்த நீர் கல்லுக்கும் பிட்டுமெனுக்கும் நடுவே மெல்ல நுழைந்து இரண்டையும் பிரித்துவிடும். அதன்பின் ஒரு லாரி கடந்தால் போதும், கல் பெயர்ந்துவிடும். பெயர்ந்த இடம் குழியாகும். குழியில் நீர் தேங்கும். தேங்கிய நீர் அடிமண்ணைக் குழைக்கும். உள்ளங்கை அளவுக் குழி ஒரே மழைக்காலத்தில் வண்டிச்சக்கரம் அளவாவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். கலவையில் சுண்ணாம்புப் பொடி சேர்ப்பது இப்பிரிவைத் தடுக்கும் முறைகளுள் ஒன்று. மதுரைத் தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறொரு முறை கண்டார். குப்பையில் எறியும் பிளாஸ்டிக்கைச் சிறு துண்டுகளாக்கிச் சூடான சல்லியின்மேல் தூவினால், அது உருகிக் கல்லின்மேல் மெல்லிய தோலாகப் படியும். அத்தோல் நீரை ஏற்காது. பிட்டுமெனை நன்றாகப் பற்றும். இதற்காக அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

குழியை அடைப்பதிலும் ஒரு முறை உண்டு. குழியின் ஓரம் சிதைந்திருக்கும். அதனைச் சதுரமாக, செங்குத்தாக வெட்ட வேண்டும். தூசியையும் ஈரத்தையும் நீக்க வேண்டும். அடியிலும் பக்கங்களிலும் பிட்டுமென் பூசி, கலவையைச் சுற்றுப்புறத்தைவிடச் சற்று உயரமாக நிரப்பி, இறுக இடிக்க வேண்டும். இவற்றுள் ஒன்றைத் தவறவிட்டாலும் அடுத்த மழைக்குள் அது பெயர்ந்துவிடும். தேங்கிய நீரிலேயே கலவையைக் கொட்டி மண்வெட்டியால் தட்டிவிட்டுப் போவதும் நாம் கண்ட காட்சியே. ஆயினும் சாலையைக் காப்பதில் முக்கால் பங்கு தாரில் இல்லை என்பேன். இருபக்க மண்தோளைச் சீவி நீர் வழியவிடுவது, குறுக்குக் குழாய்களில் அடைத்த சேற்றையும் ஆகாயத்தாமரையையும் அகற்றுவது, முளைக்கும் அரசங்கன்றைப் பிடுங்குவது, இவையே அந்த முக்கால் பங்கு. இவற்றைச் செய்வோர் சாலைப் பணியாளர். 1997இல் இப்பணிக்குச் சேர்க்கப்பட்டவர்களில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் 2002இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டு, 2006இல் மீண்டும் சேர்க்கப்பட்டனர். இடைப்பட்ட 41 மாதங்களைப் பணிக்காலமாகக் கருதவேண்டும் என்பது அவர்கள் பின்னர்த் தொடர்ந்து எழுப்பிய கோரிக்கை. 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் வேதாரணியம் பக்கம் கரையேறி, இவ்வட்டாரத்துத் தென்னையையும் புளியையும் சாலைகளின் குறுக்கே சாய்த்தபோது, வழியைத் திறக்க முதலில் வேண்டியிருந்தவை கோடரியும் அரிவாளும் ஆட்களும்தாம்.

பழுது பார்க்காமல் விட்டு, கெட்டபின் மேலே புதிதாக ஒரு படலம் போடுவது எளிதாகத் தோன்றும். ஆனால் படலத்தின்மேல் படலம் ஏற ஏறச் சாலை உயர்ந்து வீடு பள்ளத்தில் போய்விடும்; திண்ணைக்கு ஏறிச் சென்ற காலம் போய் இறங்கிச் செல்லும் காலம் வரும்; தெருநீர் வாசலுக்குள் புகும். பழைய பரப்பைச் சுரண்டி எடுத்தபின்பே புதியது போடவேண்டும் என்று 2021இல் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் ஆணையிட்டது இதனால்தான்.

மாட்டுவண்டியின் இரும்புப் பட்டை மறைந்து, டயர் வண்டி வந்து, பின்பு டிராக்டரும் வந்துவிட்டது. எனினும் இரும்பு சாலையை விடவில்லை. சேற்றுழவுக்காக டிராக்டருக்கு இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டுகிறார்கள். ஒரு வயலிலிருந்து மற்றொரு வயலுக்குப் போகும்போது அதனைக் கழற்றி மாட்ட நேரம் ஆகுமென்று அப்படியே தார்ச்சாலையில் ஓட்டிச் செல்வோர் உண்டு. உழுத வயல்போலவே சாலையிலும் வரிசையாகத் தழும்பு விழும். அத்தழும்புகளில் மழை இறங்கும். ஓட்டுபவரைக் கடிந்துகொள்வது எளிது. தண்ணீர் வந்த நாளில் உழுதாக வேண்டும், டிராக்டரோ வாடகைக்கு வந்தது, மணிக்கணக்கில் கூலி ஏறுகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நெல்லின் கதையும் இத்தகையதே. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது பொதுவிதி. தை, மாசியில் சம்பா அறுவடையாகிறது, பனி விழுகிறது, களம் போதவில்லை. வெப்பத்தை உண்ணும் கருஞ்சாலையைவிட நெல்லை விரைவில் உலர்த்தும் இடம் வேறு எது? ஆகவே சாலையின் ஒரு பாதியில் நெல்லைப் பரப்பி, ஓரத்தில் கல்லை வைத்துவிடுகிறார்கள். இரவில் வரும் இருசக்கர வண்டிக்காரர் அக்கற்களில் மோதி விழுவதும் உண்டு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஆற்றில் நீர் குறைந்து, மண் உலரத் தொடங்கும் அந்தத் தை, மாசியே தார் போடுவதற்கும் ஏற்ற காலம். ஆகவே தார் கொதிக்கும் பீப்பாயோடு வந்து சேரும் வேலையாட்கள், சாலையில் கிடக்கும் நெல்லை உழவர்கள் கூட்டி மூட்டை கட்டும்வரை மரநிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள்.